மழைக்கு முந்திய மின்னல்

அம்பாசமுத்திரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் சித்ரலேகா விளையாட்டு ஆசிரியையாக இருந்தாள். சொந்த ஊர் பக்கத்தில்தான், ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சி. சின்ன வயதில் பூப்பந்து ஆடியவள். ஆடி மாதச் சாரலில் தலைமுடி சொட்டச் சொட்ட ஆடிவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அடி வாங்கியவள். சாரலில் நனைந்தால் சளி பிடிக்கும் என்பதைத் தவிர, வானத்திலிருந்து இறங்குகிற எதற்கும் பயப்பட வேண்டும் என்று அவள் நினைத்ததே கிடையாது.

பள்ளியில் அவள் கட்டிய கோ-கோ அணி வட்டாரத்தில் பேர் வாங்கியிருந்தது. அதில் இரண்டு பிள்ளைகள் முக்கியம். ஒருத்தி கிரேஸ். பேருந்து நிலையத்துக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த தேவசிகாமணியின் ஒரே மகள். இன்னொருத்தி கமர் நிஷா. துரத்தும்போது கிரேஸ் அம்பு மாதிரிப் பாய்வாள். பிடிபடாமல் ஓடுவதில் கமர் நிஷாவை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு பேரும் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்து போனதற்கு அடுத்த வருடம், தொண்ணூற்று மூன்றில், ஐப்பசி பிறந்த சமயம். கார் அறுவடை முடிந்து அடுத்த போகமான பிசானத்துக்கு வயல்களில் தண்ணீர் கட்டி உழுதுகொண்டிருந்தார்கள். அன்று காலையிலிருந்தே ஒரு இலை அசையவில்லை. சட்டை முதுகில் ஒட்டியது. மத்தியானத்துக்கு மேல் பொதிகை மலைத் தலையில் வெள்ளை வெளேரென்று மேகம் குவிந்து குவிந்து உயர்ந்தது. ஆனால் பள்ளி மைதானத்தில் நல்ல வெயில். வட்டாரப் போட்டி நெருங்கிவிட்டதால் சாயங்காலம் பயிற்சி வைத்திருந்தாள் சித்ரலேகா.

மேற்கே எங்கோ உருளும் சத்தம் கேட்டது. பிள்ளைகளில் ஒருத்தி, "டீச்சர், இடி இடிக்கி" என்றாள்.

"அது மலையில இடிக்கி. இங்கன மழை வர நேரம் ஆகும். இன்னும் ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போவோம்" என்றாள் சித்ரலேகா.

அந்த ஆட்டம் முடிந்தது. கிரேஸும் கமர் நிஷாவும் தண்ணீர் குடிக்க மைதானத்து ஓரத்து அடி பம்புக்கு ஓடினார்கள். பம்பை ஒட்டி உயரமான வேப்பமரம் ஒன்று. கிரேஸ் பம்பை அடிக்க, கமர் நிஷா குனிந்து கையில் ஏந்திக் குடித்தாள். ஒரு பொட்டு மழை விழவில்லை. வெயில்கூட முழுதாக மறையவில்லை. வெள்ளையாக ஒரு வெளிச்சம், அதோடு சேர்ந்தே காது கிழிகிற வெடிச் சத்தம். வேப்பமரத்துப் பட்டை உச்சியிலிருந்து அடி வரைக்கும் உரிந்து தெறித்தது.

புகை மாதிரி ஏதோ கலைந்தபோது இரண்டு பிள்ளைகளும் தரையில் கிடந்தார்கள். கமர் நிஷா அலறினாள். கிரேஸ் அலறவில்லை.

சித்ரலேகா ஓடினாள். கிரேஸின் பக்கத்தில் போய்க் குனிந்து கையை நீட்டினாள். பின்னாலேயே ஓடிவந்த வாட்ச்மேன் கத்தினார்: "டீச்சர், தொடாதிய! கரண்டு இழுத்துரும்! தொடாதிய!"

நீட்டிய கை நின்றது. பயிற்சிக் கல்லூரியில் முதலுதவி வகுப்பு ஒன்று இருந்தது. நெஞ்சை அமுக்குவது எப்படி, வாயோடு வாய் வைத்து ஊதுவது எப்படி என்றெல்லாம் செய்து காட்டியிருந்தார்கள். அது அத்தனையும் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்தும் கை இறங்கவில்லை. வாட்ச்மேன் உலர்ந்த கம்பு தேடி ஓடினார். அவர் திரும்பி வந்து கம்பால் தள்ளிப் பார்த்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் பிள்ளையை வாரி மடியில் போட்டாள். அப்போதும் நெஞ்சை அமுக்கவில்லை; உலுக்கினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். யாரோ கார் கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த வயதான டாக்டர், பிள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். சித்ரலேகாவின் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் கரண்டைப் பற்றி என்னவோ சொல்ல ஆரம்பித்தார்.

"மின்னல் பட்டவங்க உடம்புல கரண்டு தங்காதுய்யா. வந்த வேகத்துல மண்ணுக்குள்ள போயிரும். நெஞ்சு நின்னு போயிருக்கும், அவ்வளவுதான். அந்த நிமிசமே அமுக்கிக் குடுத்திருந்தா..." என்ற டாக்டர், சித்ரலேகாவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கமர் நிஷா பிழைத்துக்கொண்டாள். இடது காது மட்டும் போய்விட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் இயற்கைச் சீற்றம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். தலைமை ஆசிரியை ராஜராஜேஸ்வரி, "நீ என்னம்மா செய்வ, ஆண்டவன் செயல்" என்றார். ஊரில் ஒருத்தர்கூட அவளைக் குறை சொல்லவில்லை. கிரேஸின் அடக்கத்தன்று தேவசிகாமணி அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மனைவி ரோசம்மாள் பார்க்கவே இல்லை. அவள் கண் வேறெங்கோ இருந்தது. யாராவது திட்டியிருந்தால் அழுதிருக்கலாம் என்று சித்ரலேகாவுக்குத் தோன்றியது. பள்ளிக்குப் போகிற வழியில்தான் சைக்கிள் கடை. அதைத் தவிர்க்க மறு வாரமே அவள் சுற்றுப் பாதையில் நடக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அவள் வானத்தைப் பார்க்கிற பெண்ணாகிவிட்டாள்.

நூலகத்தில் புவியியல் புத்தகங்களை எடுத்துப் படித்தாள். வானொலியில் வானிலை அறிக்கை நேரத்துக்கு வீட்டில் யாரும் பேசக்கூடாது. தபால் ஆபீசில் வேலை பார்த்த அவள் கணவன் குமரவேல் முதலில் சிரித்தான், அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டான். படித்ததையும் பார்த்ததையும் வைத்து வருடத்தையே அவள் வேறு மாதிரிப் பிரித்துக்கொண்டாள். ஆனி, ஆடியில் மேகம் நாள் முழுக்க மலையில் கவிந்து கிடக்கும், சாரல் தூறும்; ஆனால் மேற்கேயிருந்து மேல்காற்று வீசி அடிப்பதால் மேகம் உயரமாக வளராது, இடியும் அபூர்வம். அவள் பயமில்லாமல் நனைந்த மாதங்கள் அவைதான். கார்த்திகை, மார்கழியில் கடலில் புயல் சின்னம் உருவாகி வரும் மழை கொட்டித் தீர்க்கும். அதிலும் இடி குறைவு. ஆபத்தெல்லாம் இரண்டு நடுப்பட்ட காலங்களில். ஒன்று சித்திரை, வைகாசி. வெயிலில் மண் கொதித்துக் கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் தூத்துக்குடிப் பக்கமிருந்து ஈரக் கடல்காற்று உள்ளே நுழைந்து மலையில் முட்டும். போக வழியின்றி மேலே ஏறும். இன்னொன்று புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும். மேல்காற்று ஓய்ந்திருக்கும், வாடை இன்னும் தொடங்கியிருக்காது. வயலெல்லாம் தண்ணீர், அதன் மேல் வெயில். இலை அசையாத புழுக்கம். அந்தக் காற்று நேரே மேலே கிளம்பி, மலையைப்போல் ஐந்தாறு பங்கு உயரத்துக்கு மேகமாக நிற்கும். அதன் உள்ளே பனிக்கட்டியும் நீர்த்துளியும் மோதி மோதித்தான் மின்சாரம் சேர்கிறது என்று புத்தகம் சொன்னது. மேகத்தின் தலை தட்டையாகி, கொல்லன் இரும்பை வைத்து அடிக்கிற பட்டறைக் கல் மாதிரி ஒரு பக்கம் நீண்டால் அது முற்றிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மேகத்திலிருந்து மின்னல், மழை பெய்கிற இடத்தில்தான் இறங்கும் என்பதில்லை. பல மைல் தள்ளி வெயில் அடிக்கிற இடத்திலும் இறங்கும். இடி காதில் விழுகிறது என்றால் மின்னலுக்கு நாம் எட்டும் தூரத்தில் இருக்கிறோம்.

இந்தக் கடைசி வரியைப் படித்த அன்று அவள் புத்தகத்தை மூடிவிட்டு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் நின்றாள்.

அவள் பயிற்சி நேரத்தை மாற்றினாள். சித்திரையிலும் ஐப்பசியிலும் காலையில் மட்டும் ஆட்டம். சாயங்காலம் மேற்கே மேகம் கூடினாலே விசிலடித்து எல்லோரையும் வராந்தாவுக்கு அனுப்பிவிடுவாள். அப்புறம் மேகம் கூடுவதற்கு முன்னாலேயே. அப்புறம் புழுக்கமாக இருந்தாலே.

ராஜராஜேஸ்வரி டீச்சர் ஒருநாள் பொறுமையிழந்தார்.

"சித்ரா, வெயில் சுள்ளுன்னு அடிக்கி. ஒரு பொட்டு மழை இல்ல. பிள்ளையளை ஏன் அடைச்சிப் போட்டிருக்க?"

"மேற்க பாருங்க டீச்சர்."

"மேற்க மலைதான் இருக்கு. அது என்னைக்கும் அங்கனதான் இருக்கு."

வராந்தாவில் பிள்ளைகள் சிரித்தார்கள். சித்ரலேகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூற்றைந்தில் கமர் நிஷா பிளஸ் ஒன். அணியின் தலைவி அவள்தான். ஒரு காது கேட்காததால், பின்னாலிருந்து துரத்தி வருகிற காலடியை அவள் தரையின் அதிர்வில் அறிந்துகொள்கிறாளோ என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த வருடம் வட்டாரப் போட்டியின் இறுதி ஆட்டம் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது. ஐப்பசி முதல் வாரம். முதல் பாதியில் இவர்கள் அணி முன்னால் இருந்தது. ஜெயித்தால் மாவட்டப் போட்டி. அதில் ஆடிய சான்றிதழ் இருந்தால் உடற்பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைக்க வழியுண்டு. கமர் நிஷாவின் கனவு அதுதான்.

இடைவேளையில் இடி கேட்டது. தூரத்தில், மெலிதாக, ஒரே ஒரு முறை.

சித்ரலேகா விசிலடித்து அணியைப் பக்கத்துக் கட்டடத்துக்குள் போகச் சொன்னாள். நடுவர் வந்து, "டீச்சர், மழையே இல்லையே, சீக்கிரம் முடிச்சிருவோம்" என்றார். கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லி அவள் கேட்டாள். பின்னால் இன்னும் ஆட்டங்கள் இருக்கின்றன, முடியாது என்றார்கள். எதிரணி களத்தில் இறங்கி நின்றது.

"டீச்சர், இது பைனல்" என்றாள் கமர் நிஷா.

"உள்ள போ."

"டீச்சர்..."

"உள்ள போன்னு சொல்லுதேன்!"

எதிரணி ஜெயித்ததாக அறிவித்தார்கள். மேகம் கடையம் பக்கம் ஒதுங்கிப் போயிற்று. பிள்ளைகள் பேருந்துக்கு நடந்தபோது மைதானத்தில் மஞ்சள் வெயில் பளிச்சென்று அடித்தது. அம்பாசமுத்திரத்தில் இறங்கி எல்லோரும் கலைந்த பிறகு, கமர் நிஷா மட்டும் நின்றாள்.

"என் காது போனதுக்கு எங்க வாப்பா உங்களை ஒரு சொல் சொல்லல டீச்சர். திரும்பவும் போயி ஆடுன்னுதான் சொன்னாவ. வயசுக்கு வந்த பிள்ளைய மைதானத்துக்கு அனுப்புதியளான்னு சொந்தக்காரங்க பேசுன பேச்சு உங்களுக்குத் தெரியாது. அடுத்த வருசம் பரீட்சை. இனி எனக்கு ஆட்டம் கிடையாது." குரல் உடைந்தது. "நீங்க எனக்காவப் பயப்படல. உங்களுக்காவப் பயப்படுதிய."

நல்ல காதைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அவள் போய்விட்டாள். பிளஸ் டூ முடித்த கையோடு மேலப்பாளையத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. சித்ரலேகாவுக்கு அது வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

அந்தப் போட்டி நடந்த சில நாளில் தேவசிகாமணி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கமர் நிஷாவின் தகப்பன் அகமது மீரானும் அவரும் சிநேகிதர்கள். நடந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தார். சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"கடை வழியா நீங்க வாரதில்ல. அதான் நானே வந்தேன்" என்றார். "டீச்சர், பிள்ளையளை ஆட விடுங்க. எம் பிள்ள பேரைச் சொல்லி எந்தப் பிள்ளையவும் அடைச்சிப் போடாதிய. அவளுக்கு அது பிடிக்காது."

சித்ரலேகா தலையைக் குனிந்தாள். "அண்ணாச்சி, அன்னைக்கு நான்..."

"தெரியும். பிள்ளையெல்லாம் அன்னைக்கே சொல்லிட்டாளுவ. வாட்ச்மேன் சத்தம் போட்டாரு, நீங்க நின்னுட்டிய. அவரு மேலயும் தப்பில்ல. நமக்கெல்லாம் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கு. அந்த இடத்துல நானா இருந்தாலும் நின்னிருப்பேன்."

"இல்ல அண்ணாச்சி. நீங்க தொட்டிருப்பிய."

தேவசிகாமணி அதை மறுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஏறாமலே உருட்டிக்கொண்டு போனார்.

அந்த வாரமே அவள் பழக்கத்தை மாற்றிக்கொண்டாள். இனி புழுக்கத்துக்கும் மேகத்துக்கும் விசில் கிடையாது. இடி காதில் விழுந்தால் எல்லோரும் கட்டடத்துக்குள். மரத்தடியோ தகரக் கொட்டகையோ ஆகாது. கடைசி இடி ஓய்ந்து அரை மணி கழிந்தால் திரும்பவும் ஆட்டம். அவ்வளவுதான். அதோடு இன்னொன்றும் சேர்த்தாள். சாக்கில் மணலைக் கட்டிப் போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் நெஞ்சை அமுக்கவும் மூச்சு ஊதவும் சொல்லிக் கொடுத்தாள். மின்னல் பட்டவரைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தார்கள். ஆனால் அந்த ஒரு வகுப்பில் மட்டும் சிரித்தால் டீச்சர் அடிப்பாள் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

தொண்ணூற்றெட்டு சித்திரை. முழுப் பரீட்சை முடியும் தறுவாய். மத்தியானப் பரீட்சை விட்டுப் பிள்ளைகள் வெளியேறிக்கொண்டிருந்தபோது மேற்கே கறுத்தது. இடி கேட்டதும் சித்ரலேகா எல்லோரையும் உள்ளே தள்ளினாள். பள்ளி மதிலுக்கு வெளியே வாய்க்கால் கரை. அங்கே மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் என்ற பெண், சத்தம் கேட்டுப் புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். வராந்தாவிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையாக வெட்டியது. புல்லுக்கட்டு ஒரு பக்கம் விழ, அவள் ஒரு பக்கம் விழுந்தாள்.

சித்ரலேகா எப்படி வெளியே போனாள் என்று பிறகு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. வானம் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. "டீச்சர், போவாதிய" என்று யாரோ கத்தியது மட்டும் காதில் விழுந்தது. பேச்சித்தாயின் மூக்கில் மூச்சு இல்லை, கழுத்தில் துடிப்பு இல்லை. மண்டியிட்டுக் கையை வைத்து அமுக்கினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். திரும்பவும் அமுக்கினாள். மழை பிடித்துக்கொண்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் சொல்லாமலே ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டார்கள். அவள் கை ஓய்ந்தபோது அவர்கள் மாற்றி அமுக்கினார்கள். பேச்சித்தாயின் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் எழுந்தது. இருமினாள்.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை இளம் டாக்டர் ஒருவர். "அந்த நிமிசமே செஞ்சீங்க பாருங்க, அதனாலதான் பிழைச்சாங்க" என்று சித்ரலேகாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே பேச்சித்தாயின் புருஷன் சித்ரலேகாவின் காலில் விழப் போனான். கல்லிடைக்குறிச்சியில் சில வீடுகளில், புல்லறுக்கிறவள் வாயில் வாய் வைத்து ஊதினாளாமே என்று முகம் சுளித்தார்களாம். மற்றபடி ஊரெல்லாம் அவளைப் பற்றித்தான் பெருமையாகப் பேச்சு.

அவள் வீட்டுக்கு வந்து, நனைந்த சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தாள். குமரவேல் காபி போட்டுக்கொண்டு வந்தான்.

"ஊரே கொண்டாடுது. நீ ஏன் இப்படி இருக்க? சந்தோசமா இல்லையா?"

"சந்தோசந்தான் அத்தான்." காபியை வாங்கவில்லை. "இத்தனை நாளும், அன்னைக்கு செஞ்சிருந்தாலும் கிரேஸ் பிழைச்சிருக்க மாட்டாளோ என்னவோன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. அதைப் பிடிச்சிக்கிட்டுதான் இருந்தேன். இப்போ முடியும்னு தெரிஞ்சுபோச்சே."

குமரவேல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் சாயங்காலம் அவள் சுற்றுப் பாதையை விட்டுவிட்டுச் சைக்கிள் கடை வழியாக நடந்தாள். கடையில் தேவசிகாமணி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார். கேள்விப்பட்டாயிற்று என்று முகமே சொன்னது. "வீட்டுக்கு வாங்க" என்று கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

ரோசம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்தில் அவளுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. சித்ரலேகாவை நிமிர்ந்து பார்த்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொம்பளைக்கு எத்தனை பிள்ள?" என்று கேட்டாள் ரோசம்மாள்.

"ரெண்டு. ரெண்டும் சின்னது."

"நல்லா இருக்காளா?"

"கை கால் மதமதன்னு இருக்குன்னு சொல்லுதா. பேசுதா. பிள்ளையளை அடையாளம் தெரியுது."

ரோசம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளறைக்குப் போய் ஒரு தலையணையை எடுத்துவந்து தரையில் சித்ரலேகாவின் முன்னால் போட்டாள்.

"எப்படின்னு காட்டுங்க."

"எதுக்கும்மா? வேண்டாம்..."

"காட்டுங்க டீச்சர்."

சித்ரலேகா மண்டியிட்டாள். ஒரு உள்ளங்கை மேல் இன்னொன்றை வைத்து, முழங்கையை மடக்காமல் அமுக்கிக் காட்டினாள். கண்ணீர் தலையணையில் சொட்டியது. ரோசம்மாள் அவள் தோளைத் தொட்டு மெல்ல நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் தான் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கையைக் கோத்து வைத்து அமுக்க ஆரம்பித்தாள். முழங்கை மடங்கியது. சித்ரலேகா குனிந்து அந்த முழங்கையை நேராகப் பிடித்துக் கொடுத்தாள். ரோசம்மாள் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அமுக்கிக்கொண்டே இருந்தாள். தேவசிகாமணி வாசல் நிலையைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.